கோட்டை வாசலும் புகைக்குழாயும்

பின்னேரம் திருகோணமலை நிலாவெளி வீதியில் நின்றால் ஒரு பழைய லான்சர் காரோ சிவிக் காரோ பெரிய வாய்க் குழாயோடு ஊரைக் கூட்டிக்கொண்டு போகும். ஓட்டுகிற தம்பியைக் கேட்டால், "அண்ணே, சைலன்சரை மாத்திட்டன், இப்ப இழுவை வேற மாதிரி" என்பான். சத்தம் வேறு மாதிரிதான். இழுவை பெரும்பாலும் பழையதே, சில வேளை குறைந்த சுற்றில் முன்பைவிடக் குறைந்தும் போயிருக்கும். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் கணக்குப் பார்த்துச் செய்தால் நல்ல பலன் தருகிற வேலை இது.

புகை எஞ்சினிலிருந்து பைப்பில் தண்ணீர் வருவதுபோல ஒரே சீராக வருவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கி முடிய முன்னமே புகை வால்வ் திறந்துவிடும், அப்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு, அதனால் ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் துப்பித் துப்பித்தான் தள்ளும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது செக்கனுக்கு 200 தடவை. ஒவ்வொரு துப்பலும் ஒரு அழுத்த அலையைக் கிளப்பும். 600 பாகை செல்சியஸ் சூட்டில் அந்த அலை செக்கனுக்கு ஏறக்குறைய 570 மீற்றர் ஓடும், புகை அதைவிட மெதுவாகப் பின்னால் வரும்.

சரி, அலை குழாயின் முடிவுக்கு வந்ததும் என்ன நடக்கும்? சிவராத்திரிக்குக் கோட்டைக்குள் இருக்கிற கோயிலில் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இறங்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டை வாசலில் நெரிபட்டு வந்தவர்கள் வெளியே வந்ததும் விறுவிறென்று பரவுவார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு அடுத்த வரிசை நகரும், அதற்குப் பின்னால் இன்னொரு இடைவெளி விழும். ஆட்கள் வெளியே போகப் போக இடைவெளி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஒடுங்கிய குழாய் அகலமான இடத்தில் திறக்கும்போதும் இதேதான், அழுத்த அலை தாழமுக்க அலையாகத் திரும்பி வால்வை நோக்கி ஓடும். அது வந்து சேரும்போது புகை வால்வும் காற்று வால்வும் சேர்ந்தே கொஞ்சம் திறந்திருந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்துப் புதுக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும்.

எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. 80 சென்றிமீற்றர்க் குழாயில் அலை போய்த் திரும்ப 2.8 மில்லிசெக்கன் எடுக்கும். அதற்குள் 6000 சுற்றில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு, 100 பாகை திரும்பிவிடும், 3000 சுற்றில் 50 பாகைதான். ஆகவே ஒரு நீளம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். நான்கு சிலிண்டரின் குழாயையும் ஒரே இடத்தில் சேர்த்தால் உயர்ந்த சுற்றில் பலன். 1, 4 ஒரு சோடி, 2, 3 ஒரு சோடி என்று இரண்டாக்கிப் பிறகு ஒன்றாக்கினால் நடுச் சுற்றில் இழுவை பரவலாகக் கிடைக்கும். நம்முடைய வீதிகளுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

'எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்', அதாவது புகை போவதற்கு ஒரு மறிப்பு வேண்டும் என்று கராஜ்களில் சொல்வார்கள். வேண்டியது புகையின் வேகம். 2 அங்குலக் குழாயை 2.5 ஆக்கினால் வாய்ப் பரப்பு 56 வீதம் கூடும், அதே அளவு புகை அதற்குள் சோம்பிப் போகும். குழாய்கள் சேருமிடத்துக்கு முன்னால் இது நட்டம், பின்னால் அவ்வளவு பாதிப்பில்லை. புகையாலேயே ஒரு டர்பைனைச் சுழற்றி எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டுகிற டர்போ கார் என்றால் கதை வேறு, டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது, அதனால் டர்போவுக்குப் பிறகு குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது.

வளைவும் முக்கியம். வெறும் குழாயை வளைத்தால் உட்பக்கம் நசுங்கி வழி ஒடுங்கும். பழைய வெல்டிங் ஆட்கள் குழாய்க்குள் மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, சூடாக்கி வளைப்பார்கள், வட்டம் கெடாது. மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் நீராவி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு பாயும்.

புகையிலுள்ள நஞ்சைக் குறைக்கிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் அது மறிப்பது மிகக் கொஞ்சம், கழற்றினால் நஞ்சு நம் பிள்ளைகளின் மூச்சில்தான் போகும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் மாட்டுவீர்கள். அடைத்திருக்கிறதா என்று சந்தேகமென்றால் அதற்கு முன்னால் இருக்கிற, புகையில் மிஞ்சிய ஒக்சிசனை அளக்கிற ஒக்சிசன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தமானியைப் பூட்டிப் பாருங்கள், 2500 சுற்றில் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலுக்கு மேல் காட்டினால் எங்கேயோ மறிப்பு இருக்கிறது.

அப்புறம் உப்புக்காற்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும், உவர்மலையிலிருந்து சந்தைக்குப் போய்வருகிற சின்ன ஓட்டத்தில் அது ஆவியாகாமல் சைலன்சருக்குள்ளேயே தங்கும். உள்ளே தண்ணீர், வெளியே கடல், சாதா இரும்பு எத்தனை நாள் தாங்கும்? 304 என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாம், ஆனால் அது 500 பாகை சூடேறினால் மீற்றருக்கு 8 மில்லிமீற்றருக்கு மேல் நீளும், இடையில் நெளிகிற இணைப்பு இல்லாவிட்டால் வெல்ட் வெடிக்கும். ஒக்சிசன் சென்சருக்கு முன்னால் வெடித்ததோ, தாழமுக்க அலை வரும்போதெல்லாம் வெளிக்காற்று அந்த வெடிப்பால் உள்ளே உறிஞ்சப்படும், பெற்றோல் போதவில்லை என்று எஞ்சினின் கம்பியூட்டர் தப்பாகக் கணித்து இன்னும் ஊற்றும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக் என்று கேட்டு, சூடேறச் சத்தம் மறைந்தால், முதலில் அங்கேதான் தேடுங்கள்.