பொக்கற் ரோச் வாங்கப் போனால் பற்றரியில் இருந்து தொடங்குங்கள்

விரலளவு ரோச் ஒன்றின் பெட்டியில் "10,000 லூமென்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். காசை எடுக்குமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய நல்ல எல்.ஈ.டி. ரோச், பற்றரியில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு வாற்றுக்கும் சுமார் 100 லூமென் வெளிச்சம் தரும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு 100 வாற் வேண்டும். உள்ளே இருப்பதோ 18650 வகைப் பற்றரி ஒன்று. அது தரமானதாக இருந்தாலும் 12.6 வாற்-மணி, அதாவது 1 வாற் வீதம் எடுத்தால் 12.6 மணித்தியாலம் நிற்கும் அளவுதான் கொள்ளும். 100 வாற் எடுத்தால் ஏழரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்கும் 28 அம்பியர் மின்னோட்டம் ஓட வேண்டும். றேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் அயன் 60 வாற்தான்; 100 வாற்றில் பெரும்பங்கு வெப்பமாக மாறும் ஒரு குழாயை யாராலும் கையில் பிடிக்க முடியாது. ஆகவே அந்த எண் பொய்.

இதே கணக்கு நல்ல ரோச்சைத் தெரிந்தெடுக்கவும் உதவும். வெளிச்சம் முழுவதும் பற்றரிக்குள் இருந்துதான் வரவேண்டும் என்பதால் முதலில் பற்றரியைத் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வரும்.

பற்றரியின் பெயரிலேயே அளவு இருக்கிறது. 18650 என்றால் விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. 14500 என்றால் 14 மி.மீ., 50 மி.மீ. 21700 என்றால் 21 மி.மீ., 70 மி.மீ. மூன்றுமே லித்தியம் அயன். சாதாரண நிலையில் 3.6 அல்லது 3.7 வோல்ற், முழுச் சார்ஜில் 4.2 வோல்ற். நல்ல 18650 ஒன்றில் 2,600 முதல் 3,500 மில்லி அம்பியர்-மணி இருக்கும். 21700 ஒன்றில் 5,000 அளவு இருக்கும். 3,500 கொண்ட 18650 (3.5 அம்பியர்-மணியை 3.6 வோல்ற்றால் பெருக்கினால் அந்த 12.6 வாற்-மணி), 100 லூமெனில் ஏறத்தாழ 12 மணித்தியாலம் நிற்கும். ஒரு முழு இரவு. தோட்டத்துக்கும் கடலுக்கும் போகிறவருக்கு 18650 ரோச்தான் சரியான நடு அளவு. காற்சட்டைப் பொக்கற்றில் அடங்கும், ஆனால் சேட்டுப் பொக்கற்றைக் கீழே இழுக்கும்.

பென்ரோச் பற்றரி என்று கேட்டு வாங்கும் ஏ.ஏ. அளவை எடுத்தெறிய வேண்டாம். நெடுந்தீவில் ஒரு சின்னப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை ஏ.ஏ. ஒன்றில் 2.4 வாற்-மணி அளவு இருக்கும். 18650இன் ஐந்திலொரு பங்கு. வீட்டில் ஒரு ரோச், கரண்ட் போனால் எடுக்க, என்று நினைப்பவருக்கு அது போதும். ஆனால் அல்கலைன் பற்றரியைப் போட்டு அலுமாரியில் மறந்துவிடக் கூடாது. அது கசிந்தால் வெளிவருவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் காரம். அலுமினியத்தை அரித்து, பற்றரியைக் குழாயோடு ஒட்டிப் பிடித்துவிடும். தொடக்கத்திலேயே கண்டால் பற்றரியை எடுத்துவிட்டு, வினாகிரியில் தோய்த்த பஞ்சால் வெள்ளைப் படிவைத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்துக் காயவிடலாம்.

பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த 1990களில், செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டதை யாழ்ப்பாணத்தில் நடுவயது தாண்டிய எவரும் சொல்வார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை. பழைய கார்பன்-சிங் பற்றரிக்குள் வேதிப்பொருள் முழுதாகத் தீர்ந்திருக்காது. சூடு ஏறும்போது உள்ளே அயன்கள் அசைவது இலகுவாகி, மின்னழுத்தம் கொஞ்சம் மேலே வரும். இன்று அந்த வேலையை ரோச்சின் தலைக்குள் இருக்கும் டிரைவர் எனும் நாணயமளவு சுற்றுப் பலகை செய்கிறது. வெள்ளை எல்.ஈ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ற் வேண்டும், ஏ.ஏ. பற்றரியில் 1.2 முதல் 1.5 வரைதான். டிரைவர் அதை உயர்த்திக் கொடுத்து, பற்றரி 0.9 வோல்ற்றுக்கு இறங்கும்வரை உறிஞ்சி எடுக்கும். மலிவு ரோச்சில் டிரைவருக்குப் பதிலாக ஒரு தடையி மட்டும் இருக்கும், சிலவேளை அதுகூட இருக்காது. சார்ஜ் முழுதாக இருக்கையில் கண் கூசும். அரை மணியில் மங்கத் தொடங்கும். நல்ல டிரைவர் உள்ளது கடைசிவரை ஒரே அளவாக எரியும்.

14500 பற்றரி ஏ.ஏ. அளவிலேயே இருப்பதால் ஒரு ஆபத்து உண்டு. ஏ.ஏ. மட்டும் போடச் சொன்ன ரோச்சில் அதைப் போட்டால் 1.5 வோல்ற் போகவேண்டிய இடத்தில் 4.2 வோல்ற் போய் டிரைவர் கருகிவிடும். இரண்டையும் ஏற்கும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

"9,900 மில்லி அம்பியர்-மணி" என்று எழுதிய 18650 எல்லாம் போலி. அந்த அளவுக் குழாய்க்குள் அவ்வளவு கொள்ளாது. நிறுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு: நல்ல 18650 ஒன்று 45 முதல் 49 கிராம் வரை இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே சின்னப் பற்றரியை வைத்து வெற்றிடத்தை எதனாலோ நிரப்பியிருக்கிறார்கள்.

இனி வெளிச்சம். லூமென் என்பது ரோச் எல்லாத் திசையிலும் கொட்டும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கண்டெலா. வாளித் தண்ணீரைக் கையால் தெளிப்பதற்கும் அதே தண்ணீரைக் குழாய் நுனியை நெரித்துப் பீய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். எல்.ஈ.டி. சின்னதாகவும் அதைச் சுற்றியுள்ள பளபளக்கும் கிண்ணம் அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் கதிர் குறுகித் தூரம் போகும். கிண்ணம் ஆழமில்லாவிட்டால் அல்லது அதன் மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலப் பொருக்காக இருந்தால் வெளிச்சம் காலடியில் பரவும்.

பெட்டியில் போடும் தூரம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டோம். எஃப்.எல்.1 என்னும் அமெரிக்கத் தரத்தின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் அந்தத் தூரம். 0.25 லக்ஸ் என்றால் தெளிந்த வானத்துப் பூரணை நிலா வெளிச்சம் அளவு. கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் வரும்: 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர். ஆனால் அந்த 200 மீற்றரில் நிற்பது மாடா மனிதரா என்று சொல்லவே கஷ்டம். பாதித் தூரமான 100 மீற்றரில் வெளிச்சம் நான்கு மடங்காகி 1 லக்ஸ் கிடைக்கும். 50 மீற்றரில் 4 லக்ஸ். ஆகவே பெட்டியில் உள்ள தூரத்தில் கால்வாசியையே "நன்றாகத் தெரியும் தூரம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு கண்டெலா வேண்டும்.

வளவுக்குள்ளும் ஒழுங்கையிலும் நடப்பவருக்கு 3,000 முதல் 6,000 கண்டெலா போதும். தரவையில் மாடு தேடுபவருக்கும் கடலேரியில் வலைக் கம்பைத் தேடுபவருக்கும் 10,000க்கு மேல் உதவும். எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று தூரம் போகும் ரோச்சை வாங்கினால், நடக்கும்போது கால் முன்னால் ஒரு சின்னப் பிரகாச வட்டமும் அதைச் சுற்றி இருட்டும்தான் மிஞ்சும்.

நிறத்தைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. உண்மையில் பாம்புக்குப் பயந்து ரோச் வாங்குபவர் முதலில் கேட்கவேண்டியது அதுதான். வெள்ளை எல்.ஈ.டி.க்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியதும், நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அந்தக் கலவையில் சிவப்பு குறைவு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள், எண் கூடக்கூட நீலம் கூடும். 6,500 கெல்வின் என்று போட்ட நீலவெள்ளை ரோச்சில் செம்பாட்டு மண்ணும் காய்ந்த பலாச்சருகும் சுருட்டைப் பாம்பின் மண்நிறமும் ஒரே சாம்பல் தட்டாகிவிடும். 4,000 முதல் 5,000 கெல்வின், நிறக்காட்டிச் சுட்டெண் (பொருளின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு, பெட்டியில் CRI என்று இருக்கும்) 90க்கு மேல் என்று உள்ளதை எடுத்தால் மண்ணுக்கும் பாம்பின் முதுகுக் கோலத்துக்கும் இடையில் வேறுபாடு தெரியும். அதற்காகக் கொஞ்சம் லூமென் குறையும். அந்த நட்டத்தைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். கடையில் சோதிக்க, உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். கை உயிரோடு இருப்பவர் கையாகச் சிவந்து தெரிந்தால் நல்ல எல்.ஈ.டி. வெளிறிப் பச்சை படிந்தால் வேண்டாம்.

பிடிக்கும் உயரமும் முக்கியம். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் மறைந்து தரை தட்டையாகத் தெரியும். முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில் பிடித்தால் சருகுக்கும் பாம்புக்கும் நீண்ட நிழல் விழும். தை மாதப் பனியிலும் மாரி மழையிலும் இதே உபாயம் உதவும்: ரோச் கண்ணில் இருந்து விலக விலக, நீர்த்துளியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கும் ஒளி குறையும். தலையில் கட்டும் லைற் பனையேறுபவருக்கு இரண்டு கையையும் விட்டுத்தரும், ஆனால் பனிக்குள் நடக்க உதவாது.

வெப்பம் அடுத்தது. எல்.ஈ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. சின்ன ரோச்சில் அது வெளியேற அலுமினிய உடலும் உங்கள் கையும்தான் வழி. அதனால் "டேர்போ" என்னும் உச்ச வெளிச்சம் ஓரிரு நிமிடத்தில் தானாக இறங்கும். அது பழுது இல்லை. உடல் 50 பாகை செல்சியசைத் தாண்டாமல் டிரைவர் காக்கிறது. எஃப்.எல்.1 தரத்தில் லூமென் அளப்பது சுவிச்சைப் போட்டு 30 வினாடி கழித்து. எரியும் நேரத்தை எண்ணுவதோ வெளிச்சம் பத்தில் ஒன்றாகும்வரை. ஆகவே "1,000 லூமென், 2 மணித்தியாலம்" என்பதன் உள்ளே, இரண்டு நிமிடம் 1,000, மீதி நேரம் 300இல் இருந்து கீழே என்பது ஒளிந்திருக்கலாம். இறங்கியபின் நிற்கும் லூமென் எவ்வளவு என்று பாருங்கள்; அதுவே ரோச்சின் உண்மையான பலம்.

நம் ஊரில் அது இன்னும் குறையும். வெப்பம் வெளியேறும் வேகம் உடலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. 10 பாகைக் குளிர்நாட்டில் 50 பாகை ரோச்சுக்கு 40 பாகை வித்தியாசம். 30 பாகை யாழ்ப்பாண இரவில் 20 மட்டும். ஆகவே அங்கே 600 லூமெனை விடாமல் பிடிக்கும் ரோச் இங்கே 300 பக்கத்தில்தான் நிற்கும்.

குறைந்த வெளிச்சத்தை மறக்காதீர்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். 500 லூமென் ஒரு கணம் அடித்தால் அவ்வளவும் போச்சு. நித்திரையில் இருக்கும் பிள்ளையை எழுப்பாமல் நடக்க 1 முதல் 5 லூமென் போதும். அந்த நிலையில் இருந்தே தொடங்கும் ரோச்சை எடுங்கள். மினுங்கும் எச்சரிக்கை முறைகள் பத்து இருப்பதால் ஒரு பயனும் இல்லை.

பக்கச் சுவிச் உள்ள ரோச் பொக்கற்றுக்குள் தானாகப் பற்றினால் துணி கருகும், தோல் சுடும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் மின்சுற்று அறுந்துவிடும். புரியிலும் மின்சாரம் கடத்தாத பூச்சு உள்ள ரோச்சில்தான் இது வேலைசெய்யும். கடையிலேயே தளர்த்திப் பாருங்கள். யூ.எஸ்.பி. சி துளை இருந்தால் இரண்டு பக்கமும் சி உள்ள வயரால் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். மலிவானவற்றில் அதற்கு வேண்டிய இரண்டு சின்னத் தடையிகளை வைக்காமல் விட்டிருப்பார்கள். பழைய அகலத் தலை வயரில் மட்டுமே ஏறும்.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஐ.பி.எக்ஸ் எண். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தூறல் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் 1 மீற்றர் தண்ணீருக்குள் 30 நிமிடம். இரண்டும் நன்னீரில் செய்யும் சோதனை. உப்புத் தண்ணீரைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. தலையை இழுத்துக் குவிக்கும் ரோச்சைக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். இழுக்கும்போதெல்லாம் அது உப்புக் காற்றை உள்ளே உறிஞ்சும். கடலுக்குப் போய் வந்தால் மூடியை இறுக்கியபடி நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உருக்குக் கிளிப் அலுமினியத்தைச் சுரண்டிய இடத்தில் வெள்ளைத் தூள் படிந்தால், உப்பு ஈரம் இரு உலோகங்களையும் ஒரு பற்றரிபோல ஆக்கி அலுமினியத்தைத் தின்கிறது என்று அர்த்தம். கிளிப்பைக் கழற்றி வையுங்கள்.

ரோச் விட்டுவிட்டு எரிந்தால் பெரும்பாலும் எல்.ஈ.டி. பழுதில்லை, தொடுகை அழுக்கு. அழுக்கால் வெறும் 0.1 ஓம் தடை கூடினாலும் 3 அம்பியரில் 0.3 வோல்ற் அங்கேயே போய்விடும். பின்மூடியைக் கழற்றி, புரியையும் குழாயின் வெறும் விளிம்பையும் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மூடிக்குள் சுவிச்சைப் பிடிக்கும் வளையத்தில் இரண்டு சின்னத் துளை இருக்கும். சாமணத்தின் இரு நுனியையும் அதில் வைத்துத் திருகி இறுக்குங்கள். றப்பர் வளையத்துக்கு அரிசியளவு சிலிக்கன் கிறீஸ் பூசி மூடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வருகிற உறவினரிடம் 18650 சொல்லிவிடுவதானால், உதிரி லித்தியம் பற்றரியைச் சரக்குப் பெட்டியில் வைக்க விமான நிறுவனங்கள் விடாது. கைப்பைக்குள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்ரிக் உறையில், முனைகள் எதிலும் படாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.