அசையாத காற்றே போர்வை

1940 நவம்பர் 11. முதல் உலகப் போர் ஓய்ந்ததை நினைவுகூரும் விடுமுறை நாள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அன்று காலை, நவம்பர் மாதம் என்றே நம்ப முடியாத அளவுக்கு இதமாக இருந்தது. வாத்து வேட்டைக்காரர்கள் பலர் மெல்லிய உடுப்போடு மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்குப் படகேறிப் போனார்கள். பிறகு மழை பிடித்தது. மழை பனிப்புயலாக மாறியது. அலை கொந்தளித்ததால் கரை திரும்ப வழியில்லை. மினசோட்டாவில் அந்தப் புயலுக்குப் பலியான 49 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள்.

குளிர் மட்டும் தனியாக இதைச் செய்யவில்லை. ஈரமும் காற்றும் அதற்குத் துணைபோயின. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 10 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். அதே 10 டிகிரித் தண்ணீரில் கையை வைத்தால் சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும்.

வாத்து வேட்டையிலோ தண்ணீரில்தான் நின்றாக வேண்டும். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஸ்டட்கார்ட் வட்டாரத்தில், வெள்ளம் தேங்கிய காடுகளுக்குள் விடியுமுன்பே போய் மரத்தோடு மரமாக நிற்பார்கள். மலையேறுகிறவருக்கு நடையே சூடு தரும். வாத்து வேட்டைக்காரர் அசைந்தால் வாத்து இறங்காது.

அதற்குத்தான் வேடர்ஸ். (வேடருக்கு வேடர்ஸ்! ஆங்கிலச் சொல்லுக்குத் தண்ணீரில் நடப்பவர் என்று பொருள். நம் வேடருக்கும் அதற்கும் உறவில்லை.) காலணியும் கால்சட்டையும் ஒன்றாகி மார்பு வரை ஏறும் உடுப்பு இது. கடுங்குளிருக்கு 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீனில் செய்கிறார்கள். நியோப்ரீன் ஒரு செயற்கை ரப்பர். 1930களின் தொடக்கத்தில் டூபான்ட் நிறுவனம் உருவாக்கியது. அதை நுரைக்கவைத்து, ஒன்றோடொன்று இணையாத கோடிக்கணக்கான குமிழ்களில் வாயுவை அடைக்கிறார்கள். குளிரைத் தடுப்பது அந்த வாயுதான். ரப்பர் அதை நகரவிடாமல் பிடித்துவைக்கும் சுவர். கம்பளியும் பஞ்சு மெத்தையும் செய்வது இதே வேலையைத்தான். சாதாரணக் குளிர் உடுப்பு எதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை. காற்றை அசையவிடாமல் வைத்து, உடம்பின் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

நியோப்ரீனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளித் தண்ணீரை உள்ளே விடாதது போலவே வியர்வையையும் வெளியே விடாது. வாத்துகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் அரை மணி நேரம் நடந்தால் உள்ளே நனைந்துவிடும். அதன்பின் அசையாமல் நிற்கும்போது அந்த ஈரமே உடம்பின் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். அனுபவசாலிகள் மேலங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குளிரக் குளிரவே நடந்து போவதில் அர்த்தம் இருக்கிறது. உள்ளே பருத்தி பனியன் கூடாது. நனைந்த பருத்தி துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். காற்று தங்க இடமிருக்காது. கம்பளி இழை சுருள் சுருளாக இருப்பதால் ஈரத்திலும் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்.

பல மேலங்கிகளுக்குள் இருப்பது வாத்தின் அல்லது பெருவாத்தின் தூவி. வெளி இறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற மென்னிறகுக்குத் தமிழில் இப்படி அழகான பழஞ்சொல் இருக்கிறது. எடை குறைவு, பிடிக்கும் காற்று அதிகம். ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகத் திரண்டு பயனற்றுப்போகும். வாத்துக்கு அந்தக் கவலையில்லை: ஒன்றோடொன்று கொக்கிபோட்ட வெளி இறகுகளும், வால் அருகே சுரக்கும் எண்ணெயும் தண்ணீரை அண்டவிடுவதில்லை. பறவையிடமிருந்து தூவியை மட்டும் எடுத்துக்கொண்ட மனிதர், அந்த வெளி இறகுக்குப் பதிலாக நீர்புகாத துணியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

வாத்தின் கால் இன்னும் வியப்பு. அதில் தூவியும் இல்லை. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலேறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் அருகருகே ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும் உடல் குளிர்வதில்லை.

மனித விரலுக்கு அது போதாது. ஆகவே, உண்மையிலேயே சூட்டை உண்டாக்கும் ஒரு துணைப்பொருள் பைக்குள் போகிறது: கை சூட்டுப் பொட்டலம். அதற்குள் இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். உறையைப் பிரித்ததும் காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது. துருப்பிடித்தலில் வெப்பம் வெளிப்படும். கடலோர வீட்டு ஜன்னல் கம்பியை அரிக்கும் அதே உப்புதான் இங்கும் வேகம் கூட்டுகிறது. இதை இறுக்கமான வேடர்ஸ் காலுக்குள் திணித்துவிட்டு, சூடேறவில்லை என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை; அங்கே ஆக்சிஜன் போதவில்லை. கோட்டுப் பையில் வைத்தால் பல மணி நேரம் உழைக்கும். வேட்டை சீக்கிரம் முடிந்துவிட்டால் காற்றுப்புகாத பையில் போட்டு மூடலாம். துரு நின்றுவிடும், மீதிச் சூடு மறுநாள் விடியலுக்கு ஆகும்.