விமானத்தின் வயிற்றில் ஒரு படி

கனடா காட்டுத்தீச் செய்திகளில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு விமானம் வந்திருக்கும். ஏரியை உரசிக்கொண்டே ஓடி, வயிறு நிறையத் தண்ணீரை மொண்டுகொண்டு மேலே எழும்பிவிடும். "அவ்வளவு பெரிய விமானத்தைத் தண்ணீர் இழுத்துப் பிடித்துக்கொள்ளாதா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்தப் பிடியை உதறும் வித்தை நூறு வருஷத்துக்கும் மேல் பழையது.

1919க்குப் போவோம். முதல் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேட அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த எச்எஸ்-2எல் என்ற பறக்கும் படகுகள் (உடலே படகாக இருந்து, தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்கள்), போர் முடிந்ததும் கனடாவுக்குக் கிடைத்தன. அவற்றில் இரண்டை கியூபெக்கின் செயின்ட் மாரிஸ் காட்டுப் பாதுகாப்புச் சங்கம் தீ பார்க்கக் கேட்டு வாங்கியது. காரணம் எளிது. 30 மீட்டர் கோபுரத்தில் நின்றால் சுமார் 20 கிலோமீட்டரில் தொடுவானம் முடிந்துவிடும். 600 மீட்டர் உயரத்தில் பறந்தால் 87 கிலோமீட்டர்வரை கண் போகும். அந்தக் காட்டில் ஓடுபாதைக்கு இடமில்லை, ஏரிகளுக்கோ கணக்கில்லை.

ஜூன் மாதம் விமானி ஸ்டூவர்ட் கிரஹாம் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கிளம்பி, 4 நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வரைபடம் பார்த்து வழி சொன்னவர் அவர் மனைவி மேட்ஜ். என்ஜின் இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் துணி காயப்போடும் கொடி மாதிரி கயிறும் கப்பியும் கட்டி, துண்டுச்சீட்டை அதில் மாட்டி இழுத்துப் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதமே அந்த விமானத்திலிருந்து ஒரு காட்டுத்தீயைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, அந்த மரப்படகு ஏரியை விட்டு எப்படி எழுந்தது? குழாயைத் திறந்துவிட்டு, குழிக்கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகை மெல்ல நீரில் தொடவிடுங்கள். நீர் கரண்டியைத் தள்ளும் என்றுதான் நினைப்போம். ஆனால் வெடுக்கென்று உள்ளே இழுக்கும்! வளைந்த பரப்பை ஒட்டியபடி நீர் திரும்பி ஓடுகிறது. திரும்பும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கரண்டி அந்தப் பக்கம் உறிஞ்சப்படுகிறது.

விமானப் படகின் அடியும் பின்னால் போகப்போக மேல்நோக்கி வளைகிறது. வேகமெடுக்க எடுக்க நீர் அந்த வளைவோடு ஒட்டிக்கொண்டு வாலைக் கீழே இழுக்கும். அமெரிக்க விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்ட்டிஸ் 1912இல் செய்த பறக்கும் படகு இப்படித்தான் ஏரியிலேயே ஓடிக்கொண்டிருந்தது, எழவில்லை. அடிப்பாகத்தில் மரக்கட்டைகளைப் பொருத்தி, நடுவில் குறுக்காக, மாடிப்படி மாதிரி ஒரு படியை உண்டாக்கிய பிறகுதான் மேலே போனது.

ஒரே ஒரு படி, அவ்வளவுதான்! விளிம்பு மடித்த டம்ளரில் காபி ஆற்றினால் சிந்தாது. மழுங்கிய விளிம்பென்றால் வெளிப்பக்கமாக வழிந்து கையை நனைக்கும். கூரான விளிம்பில் திரவத்தால் சட்டென்று திரும்ப முடியாது, பிய்த்துக்கொண்டு போய்விடும். படியும் அப்படித்தான். அங்கே நீர் பிரிய, பின்னால் உண்டாகும் இடைவெளியில் காற்று புகுந்துகொள்கிறது. படிக்கு முன்னால் உள்ள கொஞ்சம் இடம் மட்டும் நீரில் பட, படகு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உராய்வு விழுந்துவிடும். வால் பகுதி நீரைத் தொடாததால் மூக்கை நிமிர்த்தவும் முடிகிறது. அப்புறம் இறக்கை பார்த்துக்கொள்ளும்.

படி எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்ள, 1931இல் அமெரிக்க அரசு தன் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் சுமார் 600 மீட்டர் நீளத் தொட்டி கட்டி, படகு மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்து இழுத்துச் சோதித்தது. பொம்மைப் படகு இழுக்கும் வேலைக்குப் பொதுப்பணமா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த அளவீடு இன்றைக்குப் பயன்படும், எது 50 வருஷம் கழித்து ஒரு காட்டைக் காப்பாற்றும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அளக்கிறவர்களை அளக்கவிட வேண்டும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வேறு. பறக்கும் படகுக்குச் சிற்றலை அடிக்கும் ஏரியைவிட, கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் ஏரிதான் எழும்புவதற்குக் கஷ்டம். சிற்றலை இருந்தால் அடிப்பாகம் துள்ளும், காற்று உள்ளே நுழையும். அலையே இல்லையென்றால் நீர் பசைபோல் ஒட்டும். வெயில் கொளுத்தும்போது காற்றின் அடர்த்தியும் குறைவதால் இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், என்ஜினும் சோரும். ஆக, காடு காய்ந்து, வெயில் கொளுத்தி, இலைகூட அசையாமல் நிற்கும் நாளில்தான் தீ பார்க்கப் போகும் விமானம் மேலே எழத் திணறும். விமானிகள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: முதலில் ஏரியில் ஒரு வட்டமடித்துத் தாங்களே அலை கிளப்புவார்கள், பிறகு திரும்பி வந்து அந்த அலைகளின் மேலேயே ஓடி எழுவார்கள்.

வாசகி பார்த்த விமானம் சிஎல்-415 ஆக இருந்தால், அது சுமார் 12 விநாடியில் 6,000 லிட்டரை மொண்டுவிடும். அந்த 12 விநாடியும் அது ஏரியில் உட்காருவதே இல்லை. படியின் மேல் நின்றபடியே ஓடுகிறது.