தடைத் திரை வந்தால் போலீஸ் வருமா? பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

பதினோராம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் ராத்திரி மொட்டைமாடிக்கு வந்து போனை நீட்டினான். ஆபாசப் படத் தளம் ஒன்றைத் திறக்கப் போய் வந்த வெள்ளைத் திரை. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி இந்தத் தளம் முடக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஓரிரு வரி. "மாமா, இது வந்தா போலீஸ் வருமா?" குரல் கம்மியிருந்தது. வராது என்றேன். அன்று அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே பயத்தோடு யாரையும் கேட்காமல் படுத்துவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

அந்தத் திரை வழக்குக்கான நோட்டீஸ் கிடையாது. இணையச் சேவை தரும் நிறுவனம் அந்த முகவரிக்குப் போகும் வழியை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2015 ஜூலை 31 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, ஆபாசத் தளங்கள் என்று 857 தளங்களை முடக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும், சிறார் ஆபாசப் படங்கள் இல்லாத தளங்களை முடக்க வேண்டாம் என்று சில நாட்களிலேயே இறங்கி வந்தது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்தப் பழைய உத்தரவை நடைமுறைப்படுத்தச் சொன்னது. பட்டியலைச் சரிபார்த்தபோது 30 தளங்களில் ஆபாசமே இல்லை என்று தெரிந்தது. மீதி 827 முடக்கப்பட்டன. அடைத்த தளம் வேறு முகவரியில் திரும்ப முளைக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். "அதான் கவர்ன்மென்டே தடை பண்ணிட்டாங்களே" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்குத்தான் தெரிவதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் குறிவைப்பது வெளியிடுபவரையும் அனுப்புபவரையும். பாலுறவுக் காட்சியை அனுப்பினால் முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். வயது வந்தவர்கள் நடித்த படத்தை வயது வந்த ஒருவர் தனியாகப் பார்ப்பதை இந்தப் பிரிவுகள் குற்றம் ஆக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு செய்தால் அனுப்பியவர் ஆகிவிடுகிறோம். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தைக்கு ஆபாசப் படம் காட்டினால் போக்சோ சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் கதையே வேறு. 67பி பிரிவின்படி தேடுவது, பார்ப்பது, டவுன்லோடு செய்வது, சேர்த்து வைப்பது எல்லாமே குற்றம். நம்ம ஊர் வழக்கு ஒன்றே இதில் நாடு முழுவதற்கும் முன்னுதாரணம் ஆகிவிட்டது. அம்பத்தூரில் பதிவான வழக்கு ஒன்றை, தனியாகப் பார்த்தது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதோடு நிற்கவில்லை. "சிறார் ஆபாசப் படம்" என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது, குழந்தை மீது நடந்த பாலியல் சுரண்டலின் பதிவு என்றே அதைச் சொல்ல வேண்டும் என்றது. எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. யாரோ ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை அது என்று புரிந்துகொண்ட பையன் அதை நண்பனுக்கு அனுப்ப யோசிப்பான்.

பிள்ளைகளிடம் அவசியம் சொல்ல வேண்டிய இன்னொன்று: 17 வயதில் காதலிக்கும் இருவர் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் நிர்வாணப் படமும் சட்டத்தின் எழுத்துப்படி இதே பிரிவுக்குள் வரும். இதைச் சொல்லும்போது மிரட்டாதீர்கள். மிரட்டினால், நாளை படம் வெளியே போய்விட்டது என்ற நிலையில் அந்தப் பிள்ளை உங்களிடம் வராது.

அப்படி வெளியே போய்விட்டால், அதற்கும் உரிமை இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி சமூக ஊடக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்க உறுப்பு, நிர்வாணம், பாலுறவு தெரியும் படமோ, முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படமோ வந்திருந்தால் பாதிக்கப்பட்டவரே புகார் தரலாம். அவர் சார்பில் வேறொருவரும் தரலாம். படத்தை நீக்க, விதி வந்தபோது வைத்த கெடு 24 மணி நேரம். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். குழந்தை என்றால் 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள். அந்தப் படத்தை "பாருங்க, என்ன பண்ணியிருக்கானுங்க" என்று சொந்தக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி போலீஸ் பயம் போனதும் அக்கா மகன் இன்னொன்று கேட்டான். கீழே பார்த்துக்கொண்டே கேட்டான். "நெசமாவும் அப்படித்தான் இருக்குமா மாமா?" அது நடிப்பு, பல நாள் எடுத்து வெட்டி ஒட்டியது, "உனக்குச் சம்மதமா" என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, வாழ்க்கையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றேன். இதைச் சொல்லித்தர வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

ஆபாசச் சட்டத்துக்குப் பயந்து ஆசிரியர்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டியதில்லை. அறிவியலுக்காகவும் கல்விக்காகவும் பொது நன்மைக்காக வெளியிடப்படுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தடையாக இருந்தது தயக்கம்தான். 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007 வாக்கில் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள், நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று நிறுத்தின. 2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது தவறான எண்ணம் என்று எழுதியிருக்கிறது.

இப்போது நடப்பில் இருப்பது, 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் தொடங்கிய பள்ளி நலத் திட்டம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கானது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தவரை ஓர் ஆண், ஒரு பெண், பயிற்சி பெற்று 11 தலைப்புகளில் பாடம் எடுக்க வேண்டும். வளர்ச்சி, உறவுகள், பாலினச் சமத்துவம், இனப்பெருக்க நலமும் எச்ஐவி தடுப்பும், இணையத்தையும் போனையும் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் இருப்பது வகுப்பறைக்கு வர வேண்டுமானால் யாராவது கேட்க வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது கேளுங்கள்: அந்த இரண்டு ஆசிரியர்கள் யார்? இந்த ஆண்டு எந்தெந்தத் தலைப்பு முடிந்தது? இனப்பெருக்க நலப் பாடத்தை எடுத்தார்களா, பக்கத்தைப் புரட்டிவிட்டார்களா?

பள்ளியில் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு வேறொரு வாசலும் இருக்கிறது. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின்படி 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் தனி ஆலோசனை மையங்கள் செயல்படுகின்றன. பணம் கிடையாது. பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது மையத்தின் விதி. எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விசாரித்து வைத்துக்கொண்டு பிள்ளையிடம் சொல்லுங்கள். கூட வர வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் தனியாகப் போய்வரட்டும்.