சூடேறினால் சுருங்கும் வனடேட்

மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர், பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே செய்வார். பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். மாட்டித் தண்ணீர் ஊற்றினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதே பட்டையைச் சிர்க்கோனியம் வனடேட் என்ற சேர்மத்தில் செய்து கொடுத்தால் அவர் திண்டாடிப் போவார். சுமார் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியபின், சூடு ஏற ஏற அது சுருங்குகிறது.

இரண்டு அணுக்களை நெருக்குவது கடினம், விலக்குவது எளிது. அதனால்தான் அதிர்வு கூடும்போது பொருள்கள் பொதுவாக விரிகின்றன. இந்தப் பொருள் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

அதன் வேதி வாய்ப்பாட்டில் ஒரு சிர்க்கோனியம், இரண்டு வனேடியம், ஏழு ஆக்சிஜன். ஒவ்வொரு வனேடியத்தையும் நான்கு ஆக்சிஜன்கள், நான்கு மூலை கொண்ட நான்முகியாகச் சூழ்ந்திருக்கின்றன. இரண்டு நான்முகிகள் ஒரு மூலையைப் பொதுவாக வைத்துக்கொள்வதால் எட்டு ஏழாகிறது. மற்ற ஆறு மூலைகளும், சிர்க்கோனியத்தை நடுவில் கொண்ட, ஆறு மூலையுள்ள எண்முகிகளோடு சேர்கின்றன. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் நம் சமையலறை உப்பின் அடுக்குதான்: சோடியத்தின் இடத்தில் சிர்க்கோனியம், குளோரின் இடத்தில் இரட்டை நான்முகி.

அந்தப் பொது மூலையில் இருக்கும் ஆக்சிஜனைக் கவனியுங்கள். இரண்டு வனேடியங்களுக்கு இடையே அது ஒரு பாலம்; இரு முனையிலும் வனேடியம் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் பிடிக்க எதுவுமில்லை. இரண்டு சிறுமிகள் ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றுவதை நினைத்துக்கொள்ளலாம். கயிற்றின் நீளம் மாறுவதில்லை. ஆனால் அது அகலமாக வீச வேண்டுமென்றால் இருவரும் நெருங்கி வந்தாக வேண்டும். சூடேறும்போது ஆக்சிஜன் பக்கவாட்டில் அதிகமாக ஆடுகிறது. வனேடியங்கள் உள்ளே இழுபடுகின்றன. அவற்றோடு படிகம் முழுவதும்.

பாலம் இல்லாவிட்டால் இந்த வித்தையும் இல்லை. பச்சை லேசர் சுட்டிகளில் நியோடிமியம் கலந்து பயன்படும் இட்ரியம் வனடேட்டில் நான்முகிகள் தனித்தனியாக நிற்கின்றன. அது ஒழுங்காக விரிகிறது. ஒரு சிறு கோணல் மட்டும் உண்டு: ஒரு டிகிரிக்கு அதன் ஓர் அச்சில் பத்து லட்சத்தில் 11 பங்கும், அதற்குக் குறுக்கே 4 பங்கும் விரியும்.

சிர்க்கோனியம் வனடேட்டுக்கு வருவோம். ஆற வைத்தால் பாலங்களில் பெரும்பாலானவை நேராக, அதாவது 180 பாகையில், நிற்காமல் சுமார் 160 பாகைக் கோணத்துக்கு மடங்கி உறைந்துவிடுகின்றன. மடங்கும் பாங்கு மூன்று அலகுக்கு ஒருமுறைதான் திரும்ப வருவதால், படிகத்தின் அலகுக்கூடு (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) ஒவ்வொரு பக்கமும் மும்மடங்காகி, கன அளவில் 27 மடங்காகிறது. இந்த நிலையில் சூடாக்கினால் மடங்கிய பாலங்கள் நிமிர்கின்றன, படிகம் மற்றப் பொருள்களைப் போலவே விரிகிறது. 100 டிகிரிக்கு மேல்தான் குணம் மாறும் என்பது பொறியாளர்களுக்குப் பெரிய எரிச்சல். விரியும் பொருளோடு இதைக் கலந்து, விரியாத கலவை செய்ய அவர்களுக்கு ஆசை. அறை வெப்பநிலையிலோ இதுவும் சேர்ந்து விரிகிறது. வனேடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பாஸ்பரசை வைத்தால், பாலங்கள் வரிசையாக மடங்க முடியாமல் குழம்புகின்றன. சுருங்கத் தொடங்கும் வெப்பநிலை கீழே இறங்குகிறது.