உப்பு நகர்ந்தால் கடலடி சரியும்

மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில், 2,000 மீட்டருக்கும் கீழே, கடலுக்குள்ளேயே இன்னொரு நீர்நிலை இருக்கிறது. ஓர்கா படுகை என்று பெயர். அதன் அடியில் தேங்கியிருக்கும் நீரில் சாதாரணக் கடல்நீரைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு உப்பு. கனமான நீர் என்பதால் மேலிருக்கும் கடலோடு எளிதில் கலக்காமல், தனக்கென ஒரு மேற்பரப்போடு சுமார் 200 மீட்டர் ஆழத்துக்கு நிற்கிறது. அந்த உப்பைக் கொடுப்பது படுகையின் சுவர்தான்.

சுவரில் தலைகாட்டும் உப்புப் பாறை ஜுராசிக் காலத்தது. வயது 16 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கண்டங்கள் பிளந்து வளைகுடா உருவானபோது, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியானது. 1,000 மீட்டர் ஆழக் கடல் முழுவதும் வற்றினாலும் மிஞ்சுவது ஏறத்தாழ 15 மீட்டர் உப்புதான். இங்கே படிந்ததோ கிலோமீட்டர் கணக்கில். அப்படியென்றால் நீர் வருவதும் வற்றுவதும் நெடுங்காலம் ஓயாமல் நடந்திருக்க வேண்டும்.

அப்புறம் அதன்மேல் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் குவிந்தது. உப்பு கெட்டியான பாறைதான். ஆனாலும் நீண்டகால அழுத்தத்தில் பாகுபோல் நகரும். ஆழத்தில் புதைந்த வண்டல் இறுகி உப்பைவிடக் கனமாவதால் உப்பு மேலே மிதந்து வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். சுமை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதே பெரிய காரணம். வண்டல் தடித்த இடத்தில் நசுங்கும் உப்பு, மெலிந்த இடத்தை நோக்கி ஒதுங்கிப் புடைக்கிறது. கடல் தரை மேடும் பள்ளமுமாகிறது.

சரிவுக்கு அடி போடுவது இந்தப் புடைப்புதான். மேடு ஏற ஏற அதன் பக்கங்கள் செங்குத்தாகின்றன. வண்டல் வேகமாகக் குவிந்த இடங்களில் துகள்களுக்கு இடையே சிக்கிய நீர் வெளியேற நேரமில்லை; அதன் அழுத்தம் ஏறினால் துகள்களின் பிடி தளரும். கடலடியில் நிலச்சரிவுக்குச் செங்குத்துச் சுவர்கூடத் தேவையில்லை, இரண்டு பாகைக்கும் குறைவான சாய்விலேயே சரிந்திருக்கிறது. ஓர்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியே தெரியும் உப்பைக் கடல்நீர் கரைப்பதால், மேலே நிற்கும் மண் தன் தாங்கலை இழக்கிறது.

அப்படிப் பெரிய சரிவொன்று இந்த உப்புநீரில் இறங்கிய தடம் நில அதிர்வுப் படங்களில், அதாவது கடலடிக்குள் ஒலி அலை அனுப்பி எதிரொலியை வைத்து வரையும் படங்களில், பதிவாகியிருக்கிறது. குளத்தில் கல் விழுந்தால் அலை எழும் அல்லவா, இங்கும் எழும்; ஆனால் கணக்கு வேறு. காற்றுக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு மிகப் பெரியது. உப்புநீருக்கும் கடல்நீருக்கும் இடையே அது ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. கீழே இழுத்து அடக்கும் விசை குறைவு என்பதால் அலை நிதானமாக, ஆனால் மிக உயரமாக எழும்ப முடியும்.

சரிந்த மண் உப்புப் பாறையின்மேல் படிந்தால் அந்த இடத்தில் கரைதல் மட்டுப்படும். பாறை திறந்து கிடக்கும் பக்கத்தில் கரைதல் நிற்காது.