கல் தளத்தைத் தூக்கும் களிமண்

"வீட்டுக்குப் பின்னால் நானே கல் பாவினேன். கோடையில் போட்டபோது தளம் ஒரே சீராக இருந்தது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் ஓரத்துக் கற்கள் எழும்பி நிற்கின்றன, மிதித்தால் ஆடுகின்றன. அடியில் முழுக்கக் களிமண். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, காங்கிரீட் போட்டு அதன்மேல் கல் பதித்தால் அசையாமல் இருக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இருக்காது. காங்கிரீட்டுக்கும் களிமண்ணுக்கும் நடக்கிற பலப்பரீட்சையில் களிமண்தான் ஜெயிக்கும். ஒரு சின்னக் கணக்கே போதும். 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கிரானைட் கல், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 130 கிலோ. அதன் கீழே 15 சென்டிமீட்டர் ஜல்லி இருந்தால் இன்னும் 300 கிலோ. 10 சென்டிமீட்டர் காங்கிரீட்டையும் சேர்த்தால் மேலும் 240 கிலோ. எல்லாம் சேர்ந்து மண்ணை அழுத்துவது 7 கிலோபாஸ்கல்கூட இல்லை (ஒரு கிலோபாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ பாரம்). நன்றாக உப்பக்கூடிய களிமண் தண்ணீர் குடிக்கும்போது மேல்நோக்கித் தருகிற அழுத்தமோ 100 கிலோபாஸ்கலைச் சுலபமாகத் தாண்டும். பல மாடிக் கட்டடத்தின் பாரமாவது ஓரளவு தாக்குப்பிடிக்கும். கல் தளம் போன்ற லேசான சுமை, களிமண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நனைந்தால் உப்பும் களிமண்ணில் முக்கியமான கனிமம் மான்ட்மோரில்லோனைட். இது தகடு தகடாக அடுக்கப்பட்டது. ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளும் மூன்று அடுக்குகள் உண்டு: மேலும் கீழும் சிலிக்கா, நடுவில் அலுமினா. நடு அடுக்கில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்துகொள்கிறது. அலுமினியத்தின் மின்னூட்டம் 3, மக்னீசியத்துக்கு 2. இப்படி ஒவ்வொரு இடத்திலும் ஒன்று குறைவதால் தகடு முழுவதும் எதிர்மின் தன்மை பெறுகிறது. அதைச் சரிக்கட்ட சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் தகடுகளுக்கு இடையே வந்து தங்குகின்றன. மண் காய்ந்திருக்கும்போது தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை இந்த அயனிகளே.

மழை பெய்ததும் கதை மாறுகிறது. தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான எதிர்மின், மறுபக்கம் லேசான நேர்மின். எதிர்மின் பக்கத்தை உள்ளே திருப்பிக்கொண்டு தண்ணீர் மூலக்கூறுகள் அயனியைச் சுற்றி மொய்க்கின்றன. அவற்றுக்கு இடம் வேண்டும், அதனால் தகடுகள் விலகுகின்றன. இந்த விலகல் படிப்படியாக நடப்பதுதான் அழகு. காய்ந்த நிலையில் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு, தகட்டின் தடிமனையும் சேர்த்து, ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஒரு வரிசைத் தண்ணீர் நுழைந்தால் 1.25. இரண்டு வரிசை என்றால் 1.5. மூன்றுக்கு 1.9 வரை. இடையில் இருப்பது கால்சியம் என்றால் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் இரு தகடுகளையும் விடாமல் இழுத்துப் பிடிக்கும். சோடியத்துக்கு அந்தப் பிடி கிடையாது. நிறையத் தண்ணீர் கிடைத்தால் தகடுகள் 4 நானோமீட்டருக்கும் மேல் விலகி, ஒன்றையொன்று அறியாதவை போல மிதக்கத் தொடங்கும்.

தண்ணீர் உட்காரும் இந்தப் பரப்பின் அளவுதான் நம்ப முடியாதது. ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டில் உள்ள தகடுகளைப் பிரித்துப் பரப்பினால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். உள்ளங்கையில் அடங்கும் 10 கிராம், ஒரு கால்பந்து மைதானத்தை மூடிவிடும்.

உங்கள் மண் இந்த வகையா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பொறியாளர்களும் இதையே செய்கிறார்கள். காய்ந்த மண்ணை நன்றாகப் பொடித்துச் சலித்து, அளவுக்கோடுகள் உள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களில் பத்துப் பத்து கிராம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு, குமிழிகள் போனபின் 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் அடியில் ஒழுங்காகப் படிந்து, அதற்கு மேல் தெளிந்த திரவம் நிற்கும். தண்ணீர் உள்ள குழாயில் அதே மண், உப்பும் வகை என்றால், கொழகொழவென்று உயர்ந்து நிற்கும். மண்ணெண்ணெய் மூலக்கூறுக்கு மின்முனைகள் கிடையாது, அதனால் அயனிகள் அதைச் சீண்டுவதில்லை. மேலே சொன்ன நானோமீட்டர்க் கதை முழுவதையும் இங்கே கண்ணால் பார்க்கலாம். தண்ணீரில் உள்ள மண்ணின் கன அளவு மற்றதைவிடப் பாதிக்கு மேல் கூடியிருந்தால், உங்கள் தளத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கன அளவு கூடவேயில்லை என்றால் அது பெரும்பாலும் கயோலினைட் என்ற உப்பாத களிமண் வகை. அதன் தகடுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீர் உள்ளே போக வழியில்லை.

சரி, வாசகரின் தளத்தில் ஓரம் மட்டும் ஏன் எழும்பியது? மழைத் தண்ணீர் ஓரத்து மண்ணை உடனே எட்டும். நடுப்பகுதி மண்ணைத் தளம் மூடியிருக்கிறது. எல்லா இடமும் ஒரே அளவு உப்பினால் தளம் அப்படியே ஏறி இறங்கும், யாருக்கும் தெரியவே தெரியாது. கற்களைக் குலைப்பது ஏற்றத்தாழ்வான ஈரம்தான். ஆகவே களிமண்ணை அடக்கப் பார்க்காதீர்கள், அதன் ஈரத்தைச் சீராக வைக்கப் பாருங்கள். மற்ற எல்லா வேலையும் இதிலிருந்தே வருகிறது.

முதலில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. கல்லின் மேற்பரப்புக்கு மட்டும் வாட்டம் கொடுத்தால் போதாது. ஜல்லிக்கு அடியில் இருக்கும் களிமண்ணையும் சுவரிலிருந்து விலகி, மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சரியும்படி செதுக்க வேண்டும். பலர் விடுவது இந்த இடத்தில்தான். களிமண்ணில் குழி தோண்டி ஜல்லியை நிரப்பினால், கற்களின் இடைவெளி வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேயே தேங்கி, வாரக்கணக்கில் மண்ணை ஊறவைக்கும். சரிவின் தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, தண்ணீரைத் தொலைவில் கொண்டுபோய் விடுங்கள்.

களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரிப்பது அவசியம். அது இல்லையென்றால் நனைந்த களிமண் மேலே பிதுங்கும், ஜல்லி கீழே அமிழும். துணிக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஜல்லிக் கலவை, ஒவ்வொரு அடுக்கும் 10 சென்டிமீட்டருக்கு மிகாமல், அடுக்குக்கு ஒருமுறை திமிசால் இடித்து இறுக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று சென்டிமீட்டர் கரடுமுரடான மணல், அப்புறம் கல். கற்களின் இடைவெளியைச் சிமெண்டால் பூசாமல் மணலால் நிரப்பினால் தளம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், விரிசல் விழாது.

திமிசு பற்றி ஒரு வார்த்தை. 1933 இல் ரால்ஃப் ப்ராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில்தான் மிக நெருக்கமாகப் படியும் என்று காட்டினார். மான்ட்மோரில்லோனைட்டின் தகடு அமைப்பையும் அது உப்பும் விதத்தையும் ஹோஃப்மன், என்டெல், வில்ம் என்ற மூவர் விளக்கியதும் அதே ஆண்டில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது: உப்பும் களிமண்ணைக் காய்ந்த நிலையில் இறுக அடிக்காதீர்கள். நெருக்கமான, காய்ந்த களிமண்தான் பின்னால் அதிகம் உப்பும். பலத்தையெல்லாம் ஜல்லியின்மேல் காட்டுங்கள்.

மண் மிகவும் மோசம் என்றால் சுண்ணாம்பு கைகொடுக்கும். மேல்பகுதிக் களிமண்ணோடு எடையில் 3 முதல் 6 சதவீதம் வரை நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்த மண் சில மணி நேரத்தில் பொலபொலவென்று உதிரும். நாள் போகப்போக, சுண்ணாம்பின் காரத்தன்மையில் களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சிமெண்டைப் போன்ற பிணைப்பு உருவாகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்பு அதிகம் இருந்தால் இந்த வழியே வேண்டாம். எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து, களிமண்ணைவிட மோசமாகத் தளத்தைத் தூக்கிவிடும்.

அமெரிக்காவில் உப்பும் மண்ணால் ஆண்டுக்கு 2.3 பில்லியன் டாலர் சேதம், வெள்ளம், நிலநடுக்கம், சூறாவளி எல்லாம் சேர்ந்து செய்வதைவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று 1973 இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் இருவரும் கணக்கிட்டார்கள். ஆனால் இந்தச் சேதம் மெதுவாக நடக்கிறது, யாரும் சாவதில்லை, செய்தியும் ஆவதில்லை. மண் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். காலுக்குக் கீழே இருப்பதைப் படிக்கச் செலவிடும் பணம் வீணாகாது என்பதை நிதி ஒதுக்குபவர்களுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசகருக்குக் கடைசியாக ஒன்று. மறுபடியும் கல் பாவும்போது கடும் கோடையிலும் வேண்டாம், அடைமழை விட்ட மறுநாளும் வேண்டாம். காய்ந்து சுருங்கிய மண்ணின்மேல் போட்டால் அது உப்பித் தூக்கும்; ஊறி உப்பிய மண்ணின்மேல் போட்டால் சுருங்கிப் பள்ளமாகும். ஓர் அடி தோண்டி எடுத்த மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை கற்களை ஓரமாக அடுக்கி வைத்துக் காத்திருங்கள்.